பைனோ பாதியில் விட்ட வார்த்தைகள்

பியாபு,
ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை.

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் மெர்லும் அந்தக் குளிர் தேசத்தில் விறைத்துப் போகாமல், சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அடுத்த வரியில் நாங்களும் சுகம் என்று எழுத வேண்டும், பேனா நகர மாட்டேன் என்கிறது. ஆடு சுகம், வாசல் ஈரப்பலா மரம் சுகம், என் முட்டிவலி எப்போதும் போல. அப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் எழுந்து போய் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தேன். கொல்லையில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜனவரியில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்பிவிட்டது, காலும் திரும்பிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. கிங்ஸ்டவுன் டாக்டர் அதற்கு ஏஃபேசியா என்று பெயர் சொன்னார். அர்த்தம் சொல்ல வாயெடுத்தவரிடம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். எப்படித் தெரியாமல் போகும்? ஒரு வருடம் ஈஸ்டர் தேநீர்க்கூட்டத்துப் பேச்சுப்போட்டியில் உன் அப்பா இதே வார்த்தையை ரொட்டிக்கடைப் பைனோ மேல் எறிந்தார். ஏ என்றால் இல்லை, ஃபேசிஸ் என்றால் பேச்சு, இன்று என் எதிராளியைப் பேச்சிழந்தவனாக்கி வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். முன்பெஞ்சில் உட்கார்ந்து பலமாகச் சிரித்தவள் நான்தான்.

அறிவு அப்படியேதான் இருக்கிறது, அறிவிலிருந்து வாய்க்கு வரும் வழிதான் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். சாமான்களைக் காட்டிப் பேர் கேளுங்கள், பழக்கம் வரும் என்றும் சொன்னார். நானும் தினமும் கரண்டியைத் தூக்கிக் காட்டி இது என்ன இது என்ன என்று பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி கேட்கிறேன். கரண்டியைப் பார்த்து ஜன்னல் என்கிறார். தப்பு என்று அவருக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. முகம் சிவக்கிறது, மேஜையைக் குத்துகிறார், பிறகு கண் நிறைகிறது. உப்பு வேண்டும் என்று கேட்க வரவில்லை, என்னைக் கூப்பிட வரவில்லை. ஆனால் ஒரு நாள் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, கனம் தலைவர் அவர்களே, அரியணையில் வீற்றிருக்கும் அரசனே அரசியே என்று ஆரம்பித்தவர் சபை வணக்கத்தை முழுக்க ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். ஹெப்டோமடல் வந்தது, இக்தியோஃபேகஸ் வந்தது. வாரம் ஒரு முறை வருவது ஹெப்டோமடல், மீன் தின்றே வாழ்கிறவன் இக்தியோஃபேகஸ், நீ சின்னப் பையனாக இருந்தபோதே உனக்குத் தெரியும். இத்தனை பெரிய வார்த்தை வருகிறதே, சின்னது ஏன் வரவில்லை என்று டாக்டரைக் கேட்டேன். ஆயுசு முழுக்க மனப்பாடமாகச் சொன்னதெல்லாம் தலைக்குள் வேறு அறையில் இருக்கிறது, அந்த அறை இடியவில்லை என்றார்.

இதனால்தான் வம்பு. நம் ஊரில் ஒரு மனிதனின் சுகத்தை நாடி பிடித்தா பார்ப்பார்கள்? வார்த்தையை வைத்துத்தான் பார்ப்பார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர் ப்ராவிடன்ஸ்தான் இந்த வருடமும் திங்கட்கிழமைத் தேநீர்க்கூட்டத்துக்குத் தலைவர். அவர் அழைக்க வந்தார். அப்பா எழுந்து நின்று சபை வணக்கத்தை அவர் முன்னால் கொட்டினார். ப்ராவிடன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, இந்த மனுசனுக்கா பேச்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க, எனக்கு இதுல பாதி வாய் இருந்தா மந்திரியாயிருப்பேனே அக்கா என்றார். சொல்லிக்கொண்டே போவது வரும், கேள்வி கேட்டால் பதில் வராது, உப்புகூடக் கேட்கத் தெரியாது என்று விளக்கினேன். உப்ப விடுங்க, கிரேக்கம் வருதுல்ல, அது போதும் என்று சிரித்துவிட்டு அப்பா பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார். படித்தவர்தான், என்ன செய்ய.

மெர்ல் பார்படோஸ்காரி, அவளுக்குப் படித்துக் காட்டும்போது புரியட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் தேநீர்க்கூட்டத்தில் மனப்பாடமாகப் பேசி முடித்தால் ஆயிற்று என்று கிடையாது. அதற்குப் பிறகுதான் வார்த்தைப் போர். ஒருவன் ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மற்றவன் அது எந்தத் தேசத்து வார்த்தை, எந்தெந்தத் துண்டு சேர்ந்தது, என்ன பொருள் என்று சபை சிரிக்கும்படி சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் தலைவர் மணியடிப்பார், பின்வரிசை முழுக்கத் தகரம் தட்டும், தோற்றவன் சமையல்கட்டு வழியாக வெளியே போக வேண்டும். அப்பாவுக்கு எதிரே இந்த வருடமும் பைனோதான். ரொட்டிக்கடைப் பைனோ, அப்பாவும் அவரும் மேடையைத் தவிர வேறெங்கும் பேசிக்கொண்டது கிடையாது. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்.

வெட்கத்தை விட்டு நேற்று அவர் கடைக்கே போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரிடம் வார்த்தை எறியாதீர்கள், யாராவது ஆரம்பித்தால் தொடர்ந்து வந்துவிடும், கேட்டால் வராது, சபை நடுவில் ஜன்னல் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் உயிரோடு இருக்க மாட்டார் என்று அழாத குறையாகச் சொன்னேன். பைனோ கேட்டுக்கொண்டே பிசைந்தார். கடைசியில், மேடைக்கு வர்றவன் வாயோட வரணும், இல்லன்னா வீட்ல இருக்கச் சொல்லு, உன் புருசன் என்னைக்காவது என்னைச் சும்மா விட்டிருக்கானா என்றார். மாவுத்தூள் மேலெல்லாம் ஒட்ட வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் கறுப்பு மேடைக் கோட்டை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இன்று காலை அப்பா அதைத் தேடினார். கோட்டு என்று சொல்ல வரவில்லை, தன் தோளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுக் காட்டிக்கொண்டே என் பின்னால் அறை அறையாக வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன்னை வா என்று எழுதவும் மனம் இல்லை, வராதே என்று எழுதவும் மனம் இல்லை. எது எழுதினாலும் அடித்துவிடுவேன் போலிருக்கிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை. தபால் நாளைக்குத்தான் போகிறதாம், மீதியையும் இதிலேயே எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் கூடத்தில் உட்கார இடமில்லை. ராஜா ராணி வேஷம் போட்டவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள், கேக்கை ஏலம் விட்டார்கள், தேநீர் வந்தது. பைனோ முதலில் பேசினார். பிறகு அப்பா. வணக்கத்திலிருந்து வாழ்த்து வரைக்கும் தடுக்காமல் கொட்டினார், கூட்டம் தரையை உதைத்து ஆரவாரம் செய்தது, நான் மூச்சு விட்டேன். இதோடு மணியடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்று இருந்தது. ப்ராவிடன்ஸ் எழுந்து, இனி வார்த்தைப் போர் என்றார். தடுக்கலாம் என்று நானும் எழுந்தேன், பின்னால் இருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, உக்காரும்மா மறைக்குது என்றாள்.

பைனோ முன்னால் வந்து அசெஃபலஸ் என்றார். அப்பா வாய் திறந்தது. கரண்டியைக் காட்டும்போது வரும் அதே முகம் வந்தது. பின்வரிசைப் பையன்கள் தகரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் பைனோ கையைக் கட்டிக்கொள்ளவில்லை. கனம் தலைவர் அவர்களே, இந்த வார்த்தை கிரேக்கத்திலிருந்து இரண்டு துண்டாகக் கப்பலேறி வந்தது, முன்துண்டுக்கு இல்லை என்று பொருள், பின்துண்டுக்கு, என்று சொல்லிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்துண்டுக்குத் தலை என்று பொருள் என்றார் அப்பா. சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஆகவே தலையில்லாத என் நண்பர் தொப்பிக்குச் செலவழிக்க வேண்டாம் என்று பழைய பாடத்தைக் கடைசி வரைக்கும் ஓட்டினார். கூட்டம் பைனோ மேல் பாய்ந்தது. ஏய் பைனோ, அர்த்தத்த வீட்லயே மறந்து வெச்சிட்டியா, போய் எடுத்துட்டு வா என்று ஒருவன் கத்தினான். தனக்கே தெரியாத வார்த்தையத் தூக்கிட்டு வந்துட்டாம்பா என்றான் இன்னொருவன். எங்கள் மேடையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது, மெர்லுக்குச் சொல்.

அடுத்து பைனோ பேகிடெர்ம் என்றார், தடித்தது ஒரு துண்டு, தோல் ஒரு துண்டு என்று ஆரம்பித்து அதிலும் பாதியில் திக்கினார். அப்பா யானையில் தொடங்கி நம் ஊர்க் கழுதை கோபித்துக்கொண்ட கதை வரைக்கும் சொன்னார். அப்போதும் எனக்குப் புரியவில்லை ஆல்வின், ரொட்டிக்கடைக் கிழவனுக்கு நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவதாகப் பைனோ ஓனைரிக் என்றார். கனம் தலைவர் அவர்களே, ஓனைரோஸ் என்றால் கனவு, விடியும்போது தலையணையில் தேடினால் கிடைக்காதது, என்று விரலை உயர்த்தினார். அந்த விரலை எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். அது உன் அப்பாவின் விரல். வாக்கியம் அப்பாவுடையது, இடையில் விட்ட மூச்சுகூட அப்பாவுடையது. இத்தனை வருடம் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து எரிச்சலோடு கேட்டதெல்லாம் அந்த ஆளுக்கு மனப்பாடமாகிவிட்டிருக்கிறது. அதை எடுத்துப் பாதி பாதியாக நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா மீதியைச் சொன்னார். ஆகையால் என்னை ஜெயித்துவிட்டதாகப் பைனோ எங்காவது சொன்னால் சபையோரே, அது ஓனைரிக், அவரை எழுப்பிவிடுங்கள் என்றார். கூடமே குலுங்கியது. ப்ராவிடன்ஸ் மணியடித்தார். தகரம் காதைக் கிழிக்க, பைனோ தலையைக் குனிந்துகொண்டு சமையல்கட்டு வழியாகப் போனார். என்னைத் தாண்டித்தான் போனார், பார்க்கவில்லை. எனக்கு எழுந்து நின்று எல்லோரையும் வாயை மூடுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவர் செய்தது பாழாகிவிடும் என்று தோளில் போர்த்தியிருந்த சால்வையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை பைனோ ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். எதுக்கு, எனக்கு மறந்துபோச்சு, வயசாவுதுல்ல என்றார். அப்பா அவரைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தார், ஜன்னல் வந்தது, செவ்வாய் வந்தது, வேண்டியது வரவில்லை. சும்மா இருய்யா, உன்ன யாரு இப்ப கேள்வி கேட்டா என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பைனோ ஒரு பழைய பேச்சை ஆரம்பித்தார். இவர் பாதி, அவர் பாதி என்று வெயில் ஏறும் வரைக்கும் ஓடியது. போகும்போது, வர்ற வருசமும் தோப்பேன்னு நெனச்சுக்காத என்று மிரட்டினார். அப்பா சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆகவே மகனே, உன் கடிதங்களை மாற்று. அப்பா எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று எழுதுகிறாய். நான் படித்துக் காட்டுகிறேன், ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். இனி ஒன்றும் கேட்காதே. அவர் உனக்குச் சொல்லித் தந்த எந்த வார்த்தையாவது எடு, அவர் சொல்கிற மாதிரியே ஆரம்பி, பாதியில் நிறுத்து. மீதியை இங்கே நான் கேட்டுக்கொள்கிறேன். வேலையை விட்டு ஓடி வர வேண்டாம், நாற்காலி ஃபாக்டரியில் மறுபடி இடம் கிடைப்பது கஷ்டம் என்று நீதான் சொன்னாய். வருடக் கடைசியில் விடுப்புக் கிடைத்தால் வா. மெர்ல் வெறுங்காலோடு அந்தத் தரையில் நடக்கக் கூடாது, வயிற்றுப்பிள்ளைக்காரி, இரண்டு காலுறை போடச் சொல்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் கை நிற்கவில்லை. பைனோ போன பிறகு பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தேன். எனக்கும் ஒன்று ஆரம்பிக்கத் தோன்றியது. கிரேக்கமெல்லாம் எனக்கு வராது. கலியாணத்தன்று மாதாகோவிலில் பாதிரியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் தெரியும். எபனேசராகிய நான் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார். எபனேசராகிய நான், கிளமென்டினாவாகிய உன்னை, என்றார். மரணம் பிரிக்கும் வரைக்கும் என்ற இடம் வரை விடாமல் சொன்னார். ஜனவரியிலிருந்து என்னை அவர் ஜன்னல் என்றும் செவ்வாய் என்றும் கூப்பிட்டிருக்கிறார், ஒரு தரம் பைனோ என்றுகூடக் கூப்பிட்டார். துடைத்த தட்டை வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி சொன்னார். பொழுது சாய்வதற்குள் எத்தனை தரம் கலியாணம் செய்துகொண்டோம் என்று தெரியாது.

கர்த்தர் உன்னையும் மெர்லையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். பாதி எழுதிய கடிதம் அனுப்ப மறக்காதே. இத்தனை வருடம் அம்மா என்று மட்டும்தான் அடியில் எழுதியிருக்கிறேன், இன்று பேரையும் சேர்த்து எழுத ஆசையாக இருக்கிறது.

உன் அம்மா
கிளமென்டினா ஹாக்‌ஷா