தரையில் உட்கார்ந்தால் மேடை தெரியுமா?

ஏலே,

இன்று காலை துவைக்க எடுத்த என் பேண்ட்டை முகர்ந்து பார்த்த வீட்டுக்காரி, மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "எங்கிட்டுப் போயி உக்காந்துட்டு வந்தீக? ஒரே பிளீச்சிங் பவுடர் வாடை!"

அந்த வாடை நேற்று மத்தியானத்திலிருந்தே என் தொண்டையில் நிற்கிறது. கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குக் குளோரின் ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் குமட்டியது. பவுடரால் மட்டும் குமட்டவில்லை என்பதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், கேள்.

நேற்று அருப்புக்கோட்டையில் மாணவர்களுக்கான கலை விழா. நம் பள்ளிக்கூடத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நான் போனேன். நீ பி.டி. வாத்தியாராக இருந்தவரை, எங்கே கூத்து, எங்கே நாடகம் என்று விசாரித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது உன் வேலை. நீ போனதும் அது என் தலையில் விழுந்தது. அதோடு உன் பழக்கமும் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் தடவை திருச்சுழியில் நீ அதைச் செய்தபோது எனக்கு மானம் போனது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பார்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையின் உயரத்துக்குக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தாய். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்தார்கள்.

"ஏலே, எந்திரி, பேண்ட்டெல்லாம் மண்ணு" என்றேன்.

"எந்திரிச்சா மண்ணு உதுந்துரும், கெமிஸ்ட்ரி. நாளைக்குப் புள்ளைகளுக்கு மேடை மறைச்சா, அது உதுருமா?"

எழுந்து வந்து ஒரே வார்த்தைதான் சொல்வாய். 'தெரியுது' என்றால் பஸ் வரும். 'தெரியல' என்றால், அவர்கள் இடத்தை மாற்றுகிறவரை நீ அங்கிருந்து நகர மாட்டாய். அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம்: "பொம்பளப் புள்ளைகளுக்குப் பாத்ரூம் எங்க?" விழா நடத்துகிற பெரிய மனிதர்கள் அப்போதுதான் அப்படி ஒன்று உண்டென்று ஞாபகம் வந்ததுபோல முழிப்பார்கள்.

முந்தாநாள் நானும் போனேன். உட்கார்ந்து பார்த்தேன். மேடை நன்றாகவே தெரிந்தது. பாத்ரூமையும் கேட்டேன். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு தம்பி, "காலையில கழுவி பவுடர் போட்ருவோம் சார்" என்றான்.

பவுடரைப் போட்டார்கள், எங்கே தெரியுமா? சிறப்பு விருந்தினர்கள் நடந்து வருகிற பாதையின் இரண்டு பக்கமும், கேட்டிலிருந்து மேடைவரை கோடு இழுத்திருந்தார்கள். மிச்சத்தைப் பஸ் நிற்கிற இடம்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். பாத்ரூமில் ஒரு சிட்டிகை இல்லை. வாசல்வரை போன பெண்பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்ததும் தண்ணீர் பாட்டில்களைப் பைக்குள் திணித்து மூடினார்கள். அந்த வெயிலில், போக வழியில்லை என்பதற்காக ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கலை விழாவாம்! தூ!

நான் முந்தாநாள் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை உறை போட்ட சோபாக்கள் முளைத்திருந்தன. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, அதன்மேல் ஃபிளெக்ஸ். தார்ப்பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபிளெக்ஸில் சிரிக்கிறவர்களின் பல்தான். மாற்றச் சொல்லிக் கேட்டேன். "விஐபி சார்" என்று ஒரே பதில்.

இதில் பேச்சியம்மாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பரளச்சிப் பக்கத்துப் பிள்ளை. அவள் ஊர்ப் பொங்கலில் ஒயிலாட்டம் உண்டு, ஆனால் ஆண்கள்தான் ஆடுவார்கள். பெண்கள் தள்ளி நின்று பார்க்கலாம். இந்த விழாவுக்குப் பெண்கள் குழு ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து என் பின்னாலேயே சுற்றினாள். "நெசமாவே பொம்பளைகளா சார் ஆடுறாக? சலங்கை கட்டியா?" அவள் அப்பா அரைமனதாகத்தான் அனுப்பினார். பஸ் ஏற்றிவிட வந்தவர் என்னிடம், "இந்த ஒரு தடவைதான் சார். பொழுதடையக் கொண்டாந்து விட்ருங்க. இன்னொரு தடவை என்கிட்டக் கேக்கக் கூடாது" என்றார்.

அந்த ஒரு தடவையைத்தான் இவர்கள் தின்று தீர்த்தார்கள். விருந்தினர் வரவே நேரமானது. வந்ததும் பொன்னாடை. போர்த்தியவருக்கே அடுத்தவர் போர்த்தினார். பிறகு பேச்சு. "நம் மண்ணின் கலையை மாணவச் செல்வங்களாகிய நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று சோபாக்களைப் பார்த்து ஒருவர் முழங்கினார். காப்பாற்றவேண்டிய கலை மேடைக்குப் பக்கவாட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் கால்மாற்றி நின்றால் சலங்கை கிலுங்கும். உடனே மைக்கில், "அங்க சத்தம் போடாதீங்கம்மா, ஐயா பேசுறாங்கல்ல" என்று அதட்டல். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உன்னை நினைத்துக்கொண்டேன். இப்படித்தான் ஒரு விழாவில் விருந்தினருக்காகக் காத்திருந்து காத்திருந்து பிள்ளைகள் தூங்கி விழுந்தபோது நீ மேடையேறி மைக்கைப் பிடித்தாய். "விருந்தாளிக எப்பவோ வந்துட்டாக. இந்தா, தரையில உக்காந்திருக்காக. ஆட்டத்த ஆரம்பிங்க." அதற்குப் பிறகு எந்த விழாக் கமிட்டியிலும் உன்னைச் சேர்க்கவில்லை. "நல்லதாப் போச்சு, அங்க டீ வாயில வைக்க முடியாது" என்று நீ சிரித்தாய்.

ஒருவழியாக ஆட்டத்தைக் கூப்பிட்டார்கள். அதுவும் எப்படி? "நேரம் கருதி, கலைஞர்கள் சுருக்கமாக ஆடும்படி கேட்டுக்கொள்கிறோம்." ஒயிலாட்டம் நிதானமாகத்தான் தொடங்கும், உனக்குத் தெரியும். அடி மெல்ல மெல்லக் கூடி, தவில் இறுகி வருகிற நேரம், மைக் குறுக்கே வந்தது. ஐயா கிளம்புகிறார்களாம், நினைவுப் பரிசு கொடுக்க வேண்டுமாம். தவில் பாதியில் நின்றது. அந்தப் பெண்கள் தூக்கிய கைக்குட்டையை இறக்கவும் தெரியாமல் நின்றார்கள்.

நுனிக்காலில் எக்கி நின்ற பேச்சியம்மாள் திரும்பினாள். "முடிஞ்சிருச்சா சார்? எனக்குக் கைக்குட்டை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

நான் மேடைக்குப் பின்னால் போனேன். குழுத் தலைவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எங்களுக்கே இன்னும் காலு சூடாகல சார். எங்க ஆடணும், சொல்லுங்க" என்றார். எங்கள் பஸ்ஸைக் காட்டினேன். டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து இடம் விட்டார்.

பிள்ளைகள் வட்டமாக உட்காரும்போது பேட்ஜ் தம்பி ஓடி வந்தான். "சார், புள்ளைகள முன்னாடி கூட்டியாங்க. சோபா காலியா கெடக்கு, ஃபோட்டோவுக்கு ஆளு வேணும்."

"மத்தியானத்துல இருந்து மேடைய மறைச்ச சோபாவுல இப்ப நாங்க வந்து உக்காரணுமா? நாங்க பாக்க வந்தோம் தம்பி. பாத்துட்டுப் போறோம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். உன்னைப்போல மேடையேறிச் சொல்லத்தான் எனக்குத் தைரியமில்லை.

மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் இவர்கள் பாட்டு கேட்கவே இல்லை. பாட்டை விட்டுவிட்டுத் தவிலுக்கு மட்டும் ஆடினார்கள். அடி ஏற ஏறப் புழுதியும் அந்த வெள்ளைப் பவுடரும் சேர்ந்து கிளம்பின. பேச்சியம்மாள் கைதட்டவில்லை. செருப்புக்குள் அவள் கால்விரல்கள் மட்டும் அடி தப்பாமல் போட்டுக்கொண்டிருந்தன.

நான் கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் வந்தேன். அங்கேதான் அந்தப் பவுடர்க் கோடு. அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன்.

வீட்டுக்காரி இன்னும் பேண்ட்டோடு நிற்கிறாள். அவளுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிறேன். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தெரியுதுலே.