புத்தலப்பட்டு மேட்டில் முதலிடம்

ஜன. 18, ஞாயிறு
பனி. சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வரை சைக்கிளில் தனியாக. எப்போதும் கூட வரும் பாஸ்கர் அண்ணா கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். மேட்டில் மூச்சு வாங்கியது. கரும்பு டிராக்டர் ஒன்று தாண்டியது. பின்னால் தொங்கிய கயிற்றைப் பிடித்தேன். மேடு முடியும்வரை விடவில்லை. ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் எல்லோரும் செய்ததுதான். போனில் ரைடின் நேரத்தைக் கணக்கிடும் ஆப் ஓடுவதை மறந்துவிட்டேன்.

வீட்டில் பார்த்தால், அந்த மேட்டில் எங்கள் சைக்கிள் குரூப்பில் நான்தான் முதல். பதினாறு பேர் கைதட்டல். அடுத்த மாதம் திருப்பதி ரைடில் நான்தான் முன்னால் போக வேண்டுமாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘தேங்க்ஸ்’ என்று போட்டேன். சீ.

ஜன. 20, செவ்வாய்
செயினுக்கு எண்ணெய். டியூப் வாங்கணும்.

டீக்கடையில் பாஸ்கர் அண்ணா. மோட்டார் மெக்கானிக், வயது ஐம்பத்திரண்டு. சுகர் வந்தபின் சைக்கிள் எடுத்தவர்.

“எப்டி நைனா ஏறின? எனுக்கும் சொல்லு.”

ஒரு நிமிஷம் முழு வேகம், இரண்டு நிமிஷம் மெதுவாக, எட்டு தடவை என்றேன். எங்கோ படித்தது. நான் ஒரு நாளும் செய்ததில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், பாவம்.

ஜன. 23, வெள்ளி
பாஸ்கர் அண்ணாவின் மனைவி விமலா அக்கா போன்.

“இன்னா சொல்லிக் குட்த்த நீ? தெனம் அந்த மேட்டுக்கே போய்க்கினு இருக்காரு. இன்னிக்கு தலை சுத்தி ரோட்டோரமா குந்திட்டாராம். கேட்டா, அவன் ஏறினான் இல்ல, நான் ஏற மாட்டனான்றாரு.”

மாலை அவர் வீட்டுக்கு. சொல்லத்தான் போனேன்.

“மேட்டுல நாப்பது செகண்டு கொறைஞ்சிக்கீது, பாரு!” மகளைக் கூப்பிட்டு, “இவன்தாம்மா எனுக்கு குரு” என்றார்.

“மெதுவா போங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

ஜன. 24, சனி
காலை எழுந்ததும் அந்த ரைடை ஆப்பிலிருந்து அழித்தேன். இனி அவர் துரத்த ஒன்றுமில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று நினைத்தேன். எருமை.

பத்து மணிக்கு அவரே போன். நல்ல கோபம்.

“உன் ரெக்கார்டைக் காணோம் நைனா! எவனோ வயித்தெரிச்சல்ல கம்ப்ளெயின்ட் குட்த்து தூக்கிட்டான். நீ கம்முனு இரு. அன்னிக்கு நானும் கூட இருந்தேன், என் கண்ணால பாத்தேன்னு குரூப்ல போட்டுட்டேன்.”

எனக்காகப் பொய். பதினாறு பேர் முன்னால்.

“அண்ணா, நான்தான் அழிச்சேன்.”

“ஏன்பா?”

டிராக்டர், கயிறு, எல்லாம் சொன்னேன்.

“நான் பாத்தேன்னு போட்டுட்டனே நைனா” என்றார்.