இரண்டு நாட்டாருக்கு ஒரே சாப்பாட்டுச் சீட்டு

அன்புள்ள பொன்னாயிக்கு,

குடகு மிளகுத் தோட்டத்திலிருந்து உன் வீட்டுக்காரன் சொந்தக் கையால் எழுதுகிறேன்! நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு வேடிக்கை கேள். இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் மலைக்காரர்கள், நம் வாழவந்தி நாட்டாருக்கும் பக்கத்துத் திருப்புலி நாட்டாருக்கும், ஒரே சமையல். ஒரு வேளை வேலைக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு சாப்பாடு. புதிதாக எழுதக் கற்றவன் என்று சீட்டில் கையெழுத்துப் போடும் வேலையை எனக்குத் தந்தார்கள். திருப்புலி நாட்டார் விருந்து வைக்கக் கூடுதல் சீட்டு கேட்டார்கள். கையெழுத்துப் போடும் ஆசையில் கேட்டபடியெல்லாம் கொடுத்துவிட்டேன். சீட்டு பெருகியது, அரிசி பெருகவில்லை. ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு சீட்டு என்றார் சமையல்காரர்.

"விருந்து அவங்களுக்கு, பட்டினி எங்களுக்குங்களா?" என்று நம் செல்வம் சட்டியைத் தூக்கிக்கொண்டு தனிச்சமையலுக்குக் கிளம்பினான். சேர்ந்து உண்ணும்போதுதான் இங்கே ஊர் போல இருக்கிறது.

எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஞாயிறு வகுப்பு டீச்சர் கவிதா இதைக் கேட்டுச் சிரித்தாள். "ஏனுங்க தாத்தா, ஐரோப்பாவுலயும் பல தேசத்துக்கு ஒரே பணந்தானுங்க. செலவு பண்றவங்களும் பணம் அடிக்கிறவங்களும் கலந்து பேசலீன்னா அங்கயும் இதே சண்டைதான்."

உடனே எல்லோரையும் கூட்டினேன். இனி இரண்டு நாட்டாரும் சேர்ந்து விருந்தை முடிவு செய்வார்கள். அரிசி இருப்பைப் பார்த்துத்தான் கையெழுத்து.

"கையெழுத்துப் போடாம உங்களால இருக்க முடியுங்களா மாமா?" என்று சிரித்தபடி செல்வம் சட்டியை இறக்கினான்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் சாமை அரிசி கொடுத்துவிடு. மருமகளை இதை மெதுவாகப் படிக்கச் சொல். கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது. சீட்டில் போட முடியாத கையெழுத்தையெல்லாம் உனக்கே போடுகிறேன்.

சடையன்
சடையன்
சடையன்