கீழே பள்ளி, மேலே வீடு

ஜூலை 8, திங்கள்

எட்டாம் வகுப்பில் இன்று முக்கோணம். பலகையில் வரையாமல் ஆளுக்கொன்று காகிதத்தில் வெட்டச் சொன்னேன். மூன்று மூலைகளையும் கிழித்து, முனையோடு முனை சேர்க்கச் சொன்னேன். நேர்கோடு. எல்லோருக்கும் நேர்கோடு. 'வக்கீல்' என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்கு மட்டும் திருப்தியில்லை. "என்னோடது ஒழுங்கான முக்கோணம் மிஸ். கோணல்மாணலா வெட்டினா?" வெட்டிப் பார் என்றேன். வகுப்பே கோணல்மாணலாக வெட்டத் தொடங்கியது. ஒருவனுடையது ஊசி மாதிரி. அதற்கும் நேர்கோடுதான்.

சத்தம் கேட்டு மேடம் வந்தார்கள். "இது கணக்கு கிளாஸா, கைவேலை கிளாஸா?"

மேடம் தலைமையாசிரியை. என் மாமியாரும்கூட. கீழே இருக்கும்வரை மேடம், மாடி ஏறினால் அத்தை.

ஜூலை 9

சாப்பாட்டிலும் அதே பேச்சு. "காகிதம் கிழிக்கவா பிள்ளைங்கள அனுப்புறாங்க?" என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு தனியாக, "அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு." இவருக்கு எல்லோர் சொல்வதிலும் ஒரு நியாயம் தெரியும். நான் ஆரம்பித்தால் மட்டும் கொட்டாவி வரும்.

ஜூலை 15

வெளிச்செருப்பைத் தேடினேன். எங்கே கிடக்கிறதென்றே தெரியவில்லை. வேலைக்குப் போகப் படி இறங்கினால் போதுமே. மணி அடித்தால் மற்ற ஆசிரியைகள் வீட்டுக்குப் போகிறார்கள். நான்?

ஜூலை 19

காகித அலமாரிக்குப் பூட்டு. சாவி அத்தையிடம்.

ஜூலை 24

எட்டாம் வகுப்பும் போயிற்று. மேடமே எடுக்கிறார்கள். எனக்கு ஒன்றாம் வகுப்பு, கூட்டல். வக்கீல் வராந்தாவில் வழிமறித்தாள். "ஏன்னு கேட்டா, புத்தகத்துல இருக்கு, எழுதிக்கோன்னு சொல்றாங்க மிஸ்."

எழுதிக்கோ என்றேன் நானும். எழுதிக்கோ! சீ, என்ன பிழைப்பு இது.

ஆகஸ்ட் 2, வெள்ளி



பரீட்சையில் 'முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என நிறுவுக' என்று ஒரு கேள்வி. வக்கீல் வினாத்தாளின் ஓரத்திலேயே முக்கோணம் வெட்டி, மூலைகளைக் கிழித்து, விடைத்தாளில் ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறாள். மேடம் பூஜ்யம் போட்டு, அவள் அம்மாவையும் வரவழைத்தார்கள். பஸ் கண்டக்டர், வேலை உடையிலேயே வந்து நின்றாள். "வினாத்தாளைக் கிழிக்கிறது ஒழுக்கமா? ஒரு வாரம் வர வேண்டாம்."

கேட்டுக்கொண்டு வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே போனேன். "அது நான் சொல்லிக்குடுத்தது மேடம். விடை சரி."

என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நீ மேல போ."

பிள்ளையை விரட்டுவது மாதிரி. அந்த அம்மா முன்னால். இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் படியேறிவிட்டது. பாதியில்தான் உறைத்தது – எங்கே போகிறேன்? இறங்கி வந்தேன். "போகல அத்தை. தப்புன்னா என்னை நிறுத்துங்க, அவள இல்ல."

பள்ளிக்குள் அத்தை என்று கூப்பிட்டது இதுதான் முதல்முறை. மேடம் பேனாவை மூடி வைத்தார்கள். கடைசியில், "திங்கக்கிழமைலேர்ந்து வரட்டும்" என்றார்கள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

வாசலில் கண்டக்டர் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ரூட்ல ஒரு ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் தேடுறாங்கம்மா. சும்மா சொல்லி வைக்கிறேன்."

ஆகஸ்ட் 5

அந்தப் பள்ளி வேலைக்குப் போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார். "நான்தான்" என்றேன். "வீட்டுப் பள்ளிய விட்டுட்டு இன்னொரு பள்ளின்னா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். நான் வெளிச்செருப்பைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 6

அத்தையிடம் சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

செப்டம்பர் 2, திங்கள்

அத்தை இன்னும் முகம் கொடுப்பதில்லை. இவர் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்ததும் என் பையை வாங்கி மேலே ஏற்றித் தந்தார்.

புதுப் பள்ளியில் என் வகுப்பில் இரண்டு பெஞ்சுக்குக் கால் ஆடுகிறது. மின்விசிறி சுற்றுகிற மாதிரி நடிக்கிறது. பழைய நாளிதழில் வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, பிரித்து, வேறு பக்கமாக மறுபடி பாதியாக மடித்தோம். இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். ஒருவன் அதிலேயே விரலால் ஓட்டை போட்டு, அதன் வழியாக என்னைப் பார்த்தான்.

"நீங்க யாரு மிஸ்?"

"கணக்கு டீச்சர்."

"ம்" என்று உட்கார்ந்துவிட்டான். வேறெதுவும் கேட்கவில்லை.