பெயர் இருந்த பாதி

12 நவம்பர் 1994, சனி

பூந்தமல்லியில் என் ஜவுளிக் கடையில் கிரெடிட் கார்டுக்குச் சரக்கு கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பில்லுக்குப் பில் பாங்க் கமிஷன் பிடிக்கிறது. கேட்டால், திருட்டுக் கார்டிலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள்.

இன்று ஆவடி குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுத்தார். அவர் தந்த கார்டை மிஷினில் வைத்து இழுத்தேன். பெயரும் நம்பரும் சீட்டில் பதிந்தன. பெரிய தொகை என்பதால் பாங்குக்குப் போன் போட்டேன்.

"கார்டுக்காரர் இறந்துட்டார். திருப்பிக் கொடுக்காம ரெண்டா வெட்டி அனுப்புங்க."

"யார் கார்டுய்யா இது?" என்று அவரை அதட்டினேன்.

"என் பையனோடதும்மா. தங்கச்சிக்குப் பட்டு நான்தான் எடுப்பேன்னு சொல்லிட்டே இருந்தான். அவன் பணம் இதுக்குள்ள இருக்கும்னு நெனச்சேன்."

கத்தரியால் வெட்டினேன். அவர் தடுக்கவில்லை. "பேர் இருக்கிற பாதிய மட்டும் குடும்மா" என்றார். இரண்டையும் பாங்குக்கு அனுப்பணும் என்று சொல்லிவிட்டேன். பட்டை மடித்து என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

இவரிடமிருந்தா என்னைக் காப்பாற்றினார்கள்?

பிறகுதான் மிஷினில் பெயர் பதிந்த சீட்டு ஞாபகம் வந்தது. நம்பரைக் கிழித்துவிட்டுப் பெயரையாவது கொடுத்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆவடி பஸ் போயிருந்தது.

நாளை குவார்ட்டர்ஸில் போய் யாரென்று விசாரிப்பது? அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. பையன் பெயர்தான் தெரியும்.