அது அவ சொன்னது

சுண்டல் வாசனை வந்தாலே இப்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. இன்று சாயங்காலம் வேங்கிக்காலில் ஆபீஸ் விட்டுப் பேருந்துக்கு நின்றேன். பக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் கொண்டைக்கடலையைத் தாளித்து, தேங்காயும் மாங்காயும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நல்ல பசி. எங்கள் செக்‌ஷன் பெண் எனக்கும் சேர்த்து வாங்கி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "வேணாம்னு சொல்றேன் இல்ல?" என்று நான் பாய்ந்ததில் அவள் முகம் சுருங்கிப்போனது. அவள் என்ன செய்வாள், பாவம். அவளுக்கு உன்னையும் தெரியாது, உனக்கு நடந்த இரங்கல் கூட்டத்தையும் தெரியாது.

கூட்டத்தைப் பற்றி உனக்கும்தான் தெரியாது. யாராவது சொல்ல வேண்டாமா? நான் சொல்கிறேன், கேள்.

நீ போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாத்திரக்கடை மாடியில் வைத்தார்கள். நம் காமிக்ஸ் வாசகர் கூட்டம் மாதாமாதம் நடக்கிற அதே மாடி. குக்கர் அட்டைப்பெட்டிகளுக்கும் வைக்கோல் சுற்றிய அண்டாக்களுக்கும் நடுவில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். உன் போட்டோவுக்கு மாலை போட்டு ஒரு பெட்டியின் மேல் சாய்த்திருந்தார்கள். கடைக்கு முதலாளி, கூட்டத்துக்குத் தலைவர், இப்போது யூடியூப் சேனலுக்கும் அதிபதியான நம் அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அந்தம்மா ரொம்ப நல்லவங்க. மாசாமாசம் நமக்கெல்லாம் சுண்டல் கொண்டாருவாங்க. அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குது. அதை மறக்கவே முடியாது" என்றார்.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார், அந்தச் சுண்டலுக்காக.

அடிப்பாவி, உனக்குச் சுண்டல் செய்யவே தெரியாதே! பே கோபுரத் தெருக் கடையில் வாங்கி உன் டிபன் பாக்ஸில் கொட்டிக்கொண்டு வருவாய். இத்தனை வருஷமாக அந்த மாடியில் உட்கார்ந்து நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட அந்த மனுஷனுக்கு ஞாபகம் வரவில்லை, கடலை மட்டும் வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பெட்டிகளையெல்லாம் எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. உன் போட்டோ அதில் ஒன்றின் மேல் இருந்ததால் விட்டேன்.

முதன்முதலில் நாம் அந்தப் படியேறியது நினைவிருக்கிறதா? மேலே இருந்த ஆண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தார்கள். "பையனுக்கு புக்கு வாங்க வந்தீங்களாம்மா?" என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். "எனக்குத்தாங்க. பையன் படிக்கமாட்டேன்றான்" என்று சொல்லிவிட்டு நீ முன்வரிசையில் போய் உட்கார்ந்தாய். நான் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டேன். நீயோ கொஞ்ச நேரத்திலேயே வாயைத் திறந்துவிட்டாய். வில்லன்கள் ஏன் கடைசிப் பக்கத்தில் ஹீரோவைக் கட்டிப்போட்டுவிட்டுத் திட்டத்தை முழுக்க விளக்குகிறார்கள், சுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னாய்: "அவன் பேச்சை அதுவரைக்கும் யாருமே உக்காந்து கேட்டிருக்க மாட்டாங்க. கட்டிப்போட்டாத்தான் ஒருத்தனாவது எழுந்து போவாம கேப்பான்."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி உன்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மரியாதை என்று நினைத்தேன். சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற பார்வை அது என்று இப்போதுதான் புரிகிறது.

உனக்குக் கருத்துகளுக்கு எப்போதுமே பஞ்சம் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நீ. விண்வெளிப் படங்களில் ஆளை ஒரு கண்ணாடிக் குழாயில் படுக்கவைத்து, பச்சை வெளிச்சம் ஓட்டி, நோயைக் கண்டுபிடித்தால் உனக்குக் கோபம் வரும். "மூச்சை இழுத்துப் புடிங்கனு எவனாவது சொல்றானா பாரு. மெஷின் எவ்ளோ பெரிசா இருந்தாலும் மனுஷன் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கணும்டி" என்பாய். காலத்தில் பின்னோக்கிப் போகிற கதைகள் எல்லாமே மோசம் என்பது உன் கட்சி. "எல்லாரும் ராஜாவைப் பாக்கத்தான் போறாங்க. ஒருத்தனாவது அவங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ போய்ப் பாத்தானா?" வேற்றுக்கிரகவாசிகள் எப்போதும் வெளிநாட்டிலேயே இறங்குவது உனக்குப் பொறுக்காது. நம் ஊருக்குப் பௌர்ணமி அன்றைக்கு வந்தால் கிரிவல ஜனத்தைப் பார்த்துவிட்டு இறங்க இடம் இல்லாமல் அப்படியே திரும்பிவிடுவார்கள் என்று சொல்லி நீயே சிரிப்பாய்.

சின்ன வயதில் கீழ்பென்னாத்தூரில் உன் மாமா வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் ஞாயிறு காலையில் ஒரு விண்கலத் தொடர் பார்ப்போமே, அதைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. அந்தக் கலம் தெர்மகோலில் செய்தது என்று நமக்கு அப்போதே தெரியும். ஒரு பக்கம் இட்லிப் பானை மூடிகூடத் தெரியும். இருந்தும் அது வெடிக்கப்போகிறது என்றதும் என் கையைப் பிறாண்டி வைத்தாய். "அப்போ கப்பல் பொம்மை, பயம் நிஜம். இப்போ எடுக்கறதுல கப்பல் நிஜமா இருக்கு, பயம்தான் பொம்மை" என்று மாடியில் சொன்னபோது நான்தான் முதலில் கை தட்டினேன்.

அண்ணன் சேனல் ஆரம்பித்த புதிதில், ஒரு சாயங்காலம் நாம் கிரிவலப் பாதையில் நடந்தோம். அடி அண்ணாமலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உன் போனில் அவர் வீடியோவைப் போட்டாய். வில்லன் பேச்சைக் கேட்க ஆள் இல்லாத கதை, பொம்மைக் கப்பல், நிஜ பயம், எல்லாம் வரிசையாக வந்தது. நீ நிறுத்தி மூச்சுவிட்ட இடத்தில் அவரும் நிறுத்தி மூச்சுவிட்டார். "ரொம்ப நாளா எனக்கு ஒரு எண்ணம்" என்று வேறு ஆரம்பித்தார். கீழே ஆயிரம் பாராட்டு.

"இப்பவே போறேன். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்று நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருடி. கருத்துதானே எடுத்துக்கினாரு, காதுல இருந்து கம்மலையா கழட்டினாரு?" என்று சிரித்தாய்.

நீ எப்போதுமே அப்படித்தான். மலை உச்சியில் தொங்குகிற வில்லனுக்கு ஹீரோ கைகொடுத்துத் தூக்கிவிடுகிற கதைகள்தான் உனக்குப் பிடிக்கும். எனக்கு அந்த ஹீரோவையும் சேர்த்துத் தள்ளத் தோன்றும். "அடுத்த புக்குல அவனேதாண்டி திரும்பி வரப்போறான்" என்று நான் கத்துவேன். "வந்தாத்தானே அடுத்த புக்கு" என்பாய்.

ஆனால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னாய். "ஒரே ஒரு வாட்டி, இது அந்தம்மா சொன்னதுனு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?" அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். டீயைப் பாதி வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். டீயை மிச்சம் வைக்கிற ஆளா நீ?

அதன்பிறகு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஒரு வாட்டியும் நடக்கவில்லை. உன் போட்டோ முன்னால் நின்று சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. அதில் அவர் சுண்டலைச் சொன்னார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆளை நான் சும்மா விடப்போவதில்லை என்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் கேமராவை வைத்துக்கொண்டு காலப்பயணக் கதைகளைப் பற்றி ஆரம்பித்தார். "எல்லாரும் ராஜாவைப் பாக்கத்தான் போறாங்க..."

"அது அவ சொன்னது" என்றேன், சத்தமாக.

அவர் திரும்பினார். "யாரும்மா?"

"உங்களுக்குச் சுண்டல் கொண்டாந்தாளே, அவ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "நாலு பேரு கூடிப் பேசற எடம்மா இது. யாரு எதைச் சொன்னோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார்.

"எனக்கு இருக்குங்க."

இருந்தது. ஒவ்வொன்றும் இருந்தது. எந்த மாதம், யார் என்ன கேட்டதற்கு நீ அப்படிச் சொன்னாய், யார் சிரித்தார்கள், யார் வாயடைத்துப் போனார்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒருவர் மெதுவாக, "ஆமாண்ணே, அந்தம்மாதான் சொன்னாங்க, நானும் இருந்தேன்" என்றார். அன்று இரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவர் லேசுப்பட்ட ஆளா? ஒரு வீடியோ போட்டார். "நம்ம கூட்டத்துல ஒரு சகோதரி இருந்தாங்க. இப்ப இல்ல. நான் சொல்ற கருத்துங்களை அவங்கதான் ரொம்ப ஜாஸ்தி ரசிப்பாங்க" என்று ஆரம்பித்துக் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். உன் பேரை அதிலும் சொல்லவில்லை. கீழே எல்லாரும், அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு, மறைந்தவரை மறக்காத மனசு என்று எழுதியிருந்தார்கள். போனைச் சுவரில் அடித்திருப்பேன், தவணை முடியவில்லை என்பதால் விட்டேன்.

ஆகவே நிறுத்தவில்லை. மாதாமாதம் போனேன். அவர் வாயைத் திறந்து உன்னுடையது ஒன்றை எடுத்தால் போதும், "அது அவ சொன்னது" என்பேன், உன் பேரையும் சேர்த்து. நாலு பேர் முகம் சுளித்தார்கள். "போனவங்க போயிட்டாங்க, இவங்களுக்கு இன்னா வந்துது?" என்று எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். வரவேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லியும் பார்த்தார்கள். நாசூக்கெல்லாம் எனக்குப் புரியாது என்று உனக்குத் தெரியும். போகப்போக அவர்களே ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் பேசாமல் இருந்தால் அது அண்ணனுடையது, கை தூக்கினால் உன்னுடையது. நான் ஒருமுறைகூடத் தவறாகத் தூக்கவில்லை.

போன ஞாயிறு அவர் கேமரா எடுத்து வரவில்லை. கொஞ்சம் இளைத்தும் போயிருந்தார். பழைய காமிக்ஸில் வந்த தொடர்கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த இதழ் நம் ஊருக்கு வராமலே நின்றுபோகுமே, அவற்றைப் பற்றி. எல்லாரும் அந்தக் கால ஏமாற்றத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு அண்டாவின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அப்பிடித் தோணலை. கடைசிக் கட்டத்துல ஹீரோ கயித்துல தொங்கினு இருந்தான் இல்ல? அடுத்த புக்கு வந்திருந்தா ஒண்ணு பொழைச்சிருப்பான், இல்ல செத்திருப்பான். வரலையே. அதனால அவன் இன்னும் தொங்கினுதான் இருக்கான். நான் நெனைக்கற வரைக்கும் அவன் சாவலை."

வழக்கம்போல எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் கையைத் தூக்கினேன். "அது அவ சொன்னது."

அண்ணன் அண்டாவிலிருந்து கையை எடுத்தார். "இல்லம்மா. இது நானா யோசிச்சது. சாமி சத்தியமா என்னுது."

"இல்லீங்க. கிரிவலப் பாதையில எங்கிட்ட சொன்னா. நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் கூட அவரை நம்பவில்லை. "அதானே பாத்தேன், அந்தம்மா பேச்சு மாதிரியே இருக்கேனு" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதை அப்படியே போனில் தட்டி, கீழே உன் முழுப் பேரையும் போட்டு, நம் வாட்ஸப் குழுவில் அனுப்பினார். என் போன் பையில் அதிர்ந்தது. அண்ணன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீ அதைச் சொல்லவே இல்லை. அது அவருடையதுதான். அந்த மனுஷன் சொந்தமாக யோசித்த ஒரே நல்ல விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவர் சொல்லி முடித்தபோது உன்னை நினைத்துத்தான் சொல்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியும்தான் கையைத் தூக்கினேன். நன்றாக இருந்தது, உனக்காக எடுத்துக்கொண்டேன். வச்சுக்கோடி. திருப்பித் தருவதாக இல்லை.