ஓடாதே என்று சொன்னது நான்தான்

நாரின்
ஏப்ரல் 14

அன்பு மகள் பெகிமாய்க்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை ஐதாயும் நலம். நீயும் நலம்தானே என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பாய், நானும் நம்பிவிடுவேன். போன செவ்வாய் பிஷ்கெக்கில் பயணிகளை இறக்கிவிட்டு உன் விடுதிக்கு வந்தேனே, நீ மாடிப்படியில் மயங்கி விழுந்ததை வாசலிலேயே காப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். பார்த்த டாக்டர், உடம்பில் ரத்தமே இல்லை என்றாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில், மாதம் தவறாமல் நான் கொண்டுவரும் வெண்ணெயும் குதிரை இறைச்சியும் எங்கே போகிறது என்று உன் தோழிகள் முன்னாலேயே கத்தினேன். நீ சுவரைப் பார்த்தபடி நின்றாய்.

நான் கிளம்பும்போது உன் அறைத்தோழி ஜிபெக் வேன் வரை ஓடிவந்தாள். காலையில் வெறும் டீ, சாயங்காலம் ஒரு கப் நூடுல்ஸ், இதுதான் உன் சாப்பாடாம், இறைச்சியெல்லாம் மற்ற பெண்களுக்குத்தானாம். பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் குடைகிறது. "மாமா, முன்னாடி இவ தினமும் விடியக்காலைல ஓடிட்டு வந்து எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவா. இவளப் பாத்துதான் நாங்க மூணு பேரும் ஓடினோம். நீங்க வேணாம்னுட்டீங்களாமே. இப்ப யாருமே ஓடுறதில்ல."

ஆமாம், சொன்னேன். என்னோடு வண்டி ஓட்டும் ஷார்ஷென், உன் பொண்ணு இறுக்கமாகக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆம்பளைங்க நடுவுல ஓடுறாள் என்றான், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அன்றைக்கே போனில் நிறுத்தச் சொன்னேன். நீ கொஞ்சம் சதை போட்டாய். அடுத்த மாதமே ஒரு கல்யாண விருந்தில் உன் அத்தை, என்னடி சினை மாடு மாதிரி இருக்கே, எவன் கட்டுவான் என்றாள். நீ கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தாய். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிட வந்தாள், வந்ததும் ஐதாயின் இடுப்பைக் கிள்ளி அதே பேச்சு. "அக்கா, எம் பொண்ணுங்க உடம்பப் பத்தி இந்த வீட்டுல இனி பேசாத" என்றேன். சாப்பிடாமலே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, அக்காவைத் துரத்தியவன் என்று ஊரே சொல்கிறதாம், சொல்லட்டும். ஷார்ஷெனிடமும், இனி என் மகளைப் பார்த்தால் உன் வண்டியைப் பார்த்து ஓட்டு என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு செய்தும் எரிச்சல் அடங்கவில்லை. உன்மேலும்தான், அன்றைக்கு போனில் ஏன் என்று ஒரு வார்த்தை நீ திருப்பிக் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் மட்டும் நான் காது கொடுத்திருப்பேனா, அதுவும் சந்தேகம்தான்.

ரத்தத்துக்கான மாத்திரையை டீயோடு விழுங்காதே, டாக்டர் கண்டிப்பாகச் சொன்னாராம். ஈரல் வறுத்து அனுப்புகிறேன், இதை நீயே தின்ன வேண்டும். உடம்பு தேறி டாக்டர் சரி என்றதும் நீயும் ஜிபெக்கும் மறுபடி ஓடுங்கள், எதைப் போட்டு ஓடினாலும் சரி. நீ நூறு வயது திடமாக வாழ வேண்டும் மகளே. அடுத்த தடவை நான் வந்து வாசலில் கத்த ஆரம்பித்தால் சுவரைப் பார்க்காதே, என் முகத்தைப் பார்த்து, போதும்ப்பா என்று சொல். சொன்னால் கோபம் வரும், வந்தாலும் நிறுத்துவேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா தோக்தொசுன்